முதலில் எண்ணிக்கை, பிறகு திரை

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் அணுக்கரு இயற்பியல் ஒரு தனி அலகு. பன்னிரண்டாம் வகுப்பில் அதே பாடம் சிதைவு விதி, அரை ஆயுட்காலம், பிணைப்பாற்றல், பிளவு, இணைவு என்று கணக்குகளோடு விரிகிறது. மாணவர்கள் இந்தக் கணக்குகளைப் பெரும்பாலும் சரியாகவே போடுகிறார்கள். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால்தான் தடுமாற்றம் வெளிப்படும். ஓர் அரை ஆயுட்காலத்தில் பாதி சிதைந்தது என்றால், அடுத்த அரை ஆயுட்காலத்தில் மீதிப் பாதியும் தீர்ந்துவிடுமா? நெடுங்காலம் சிதையாமல் இருந்த அணுக்கரு இனிச் சீக்கிரம் சிதைந்துவிடுமா? கதிர்வீச்சு பட்ட பொருள் தானும் கதிரியக்கம் உடையதாகிவிடுமா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லும் மாணவர்கள் எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். ஒளியியலுக்கு லென்ஸ் உண்டு, மின்னியலுக்கு அம்மீட்டர் உண்டு. இந்தப் பாடத்துக்கு மட்டும் மாணவர் கையில் எதுவும் தரப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தை இப்போது கணினி சிமுலேஷன்கள் நிரப்பத் தொடங்கியிருக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் அவை வகுப்பில் எந்த இடத்தில் வருகின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் பயன் அமையும். மாணவர்கள் தம் கையால் எண்ணி, உண்மையான கதிர்வீச்சையும் எண்ணிப் பார்த்த பிறகே திரைக்கு வர வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

காரணம் பாடத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கதிரியக்கச் சிதைவு தற்செயல் நிகழ்வு. ஒரு குறிப்பிட்ட அணுக்கரு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு நொடியில் அது சிதைவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்ல முடியும். இந்தத் துறையைக் கட்டியவர்கள் அதை எண்ணி எண்ணித்தான் நிறுவினார்கள். 1910இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்திலிருந்து வந்த ஆல்ஃபா துகள்களை 7.5 நொடிக்கு ஒரு தொகுப்பாக 2608 தொகுப்புகளில் எண்ணினார்கள். ஒரு தொகுப்புக்குச் சராசரி 3.87 துகள்கள். ஆனால் 57 தொகுப்புகளில் ஒரு துகள்கூட வரவில்லை. சிலவற்றில் பத்துக்கு மேல் வந்தன. இந்த ஏற்ற இறக்கம் கருவியின் கோளாறால் வந்ததன்று, தற்செயல் நிகழ்வுகளுக்குரிய பாய்சான் பரவலோடு பொருந்துவது என்று அவர்கள் காட்டினார்கள். பாடநூலின் வழவழப்பான சிதைவு வளைகோடு இந்த ஏற்ற இறக்கத்தின் மேல் போர்த்திய சராசரிதான். வளைகோட்டை மட்டும் பார்த்த மாணவருக்கு, ஏதோ ஒரு கடிகாரம் அணுக்கருக்களைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். மேலே சொன்ன குழப்பங்களில் முதல் இரண்டும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

ஆகவே தொடக்கம் பகடையில் இருக்கட்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் எழுந்து நிற்கச் செய்யுங்கள். ஆளுக்கொரு பகடை கொடுங்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் உருட்ட வேண்டும். ‘1’ விழுந்தவர் உட்கார்ந்துவிட வேண்டும். ஒவ்வோர் உருட்டலுக்குப் பின்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருவர் கரும்பலகையில் எழுதட்டும். முதல் உருட்டலில் ஆறேழு பேர் உட்காருவார்கள் என்று கணக்கு சொல்லும். மூன்று பேரோ பத்துப் பேரோ உட்கார்ந்தாலும் வியப்பில்லை. நான்காவது உருட்டலுக்குப் பின் ஏறத்தாழப் பாதிப் பேர் நிற்பார்கள்; பகடையின் அரை ஆயுட்காலம் 3.8 உருட்டல்கள். பதினைந்து உருட்டலுக்குப் பிறகும் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைக் காட்டி வகுப்பிடம் கேளுங்கள்: இவ்வளவு நேரம் தப்பித்தவருக்கு அடுத்த முறை ‘1’ விழும் வாய்ப்பு கூடியிருக்கிறதா? பகடைக்கு நினைவில்லை, வாய்ப்பு இன்னும் ஆறில் ஒன்றுதான் என்பதை அந்தத் தருணத்தில் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அணுக்கருவுக்கு வயதில்லை என்ற கருத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு மற்றப் பிரிவுகளின் எண்ணிக்கைகளையும் கூட்டி ஒரே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நாற்பது பேரின் கோடு மேடுபள்ளமாக இருக்கும். நானூறு பேரின் கோடு வளைகோட்டை நெருங்கும். ஒரு கிராம் பொருளில் இருக்கும் அணுக்கருக்களின் எண்ணிக்கைக்கு இருபது இலக்கங்களுக்கு மேல் வரும் என்று அப்போது சொன்னால், பாடநூல் வளைகோடு ஏன் வழவழப்பாக இருக்கிறது என்பது விளங்கும்.

பகடை முடிந்ததும் புளியங்கொட்டைக்கு வாருங்கள். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள் இருநூறு போதும். குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மீதியை எண்ணி மறுபடி குலுக்க வேண்டும். இங்கே பகடையில் இல்லாத ஒன்று இருக்கிறது. பகடையில் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. தேய்த்த கொட்டையில் வெள்ளை விழும் வாய்ப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது; எவ்வளவு தேய்த்தார்கள், கொட்டை எவ்வளவு தட்டை என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். எண்ணிக்கையிலிருந்துதான் அதைக் கண்டறிய வேண்டும். எந்த ஐசோடோப்பின் சிதைவு மாறிலியும் இப்படித்தான் நமக்குத் தெரியவந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மீதியுள்ள எண்ணிக்கையின் மடக்கையை எடுத்து வரைபடம் போட்டால் ஏறத்தாழ நேர்க்கோடு கிடைக்கும்; அதன் சாய்விலிருந்து கொட்டையின் ‘அரை ஆயுட்கால’த்தைக் கணக்கிடலாம். இரண்டு குழுக்களுக்கு வேறு வேறு விடை வந்தால், பிழை எங்கே என்று தேடுவதற்கு முன், இருநூறு கொட்டைகளுக்கு இவ்வளவு வேறுபாடு இயல்புதானா என்று கேட்கச் செய்யுங்கள்.

பகடையும் கொட்டையும் சிமுலேஷன்தானே, திரையில் காட்டினால் மட்டும் என்ன குறை என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகடை அணுக்கரு ஆகாது. அதுவும் ஒரு பாவனைதான். ஆனால் அந்தப் பாவனையின் விதி மாணவர் கையில் வெளிப்படையாக இருக்கிறது. ஆறு முகம், ஒரு முகம் விழுந்தால் விலகல், அவ்வளவே. திரையில் ஓடும் சிமுலேஷனுக்குள் என்ன விதி எழுதப்பட்டிருக்கிறது என்று மாணவருக்குத் தெரியாது. நிரல் எழுதியவர் எதை உள்ளே வைத்தாரோ அதுதான் வெளியே வரும். இயற்கை உண்மையில் அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்பதற்குத் திரை சாட்சி சொல்லாது, பகடையும் சொல்லாது. அதற்கு உண்மையான கதிர்வீச்சை ஒரு முறையாவது எண்ணியாக வேண்டும்.

இங்கே முதலில் எழும் கவலை பாதுகாப்பு. கதிரியக்க மூலங்களை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. பள்ளிக்கு அந்த மூலங்கள் வேண்டாம். பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில், ரேடியம் பூசிய கடிகார முள், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணல் போன்றவற்றை மாணவர்களைக் கொண்டுவரச் சொல்லவும் கூடாது. அவற்றின் தூள் மூச்சில் போகலாம். மாணவர்கள் தாமாகவே இன்னும் தேடிச் சேகரிக்கத் தொடங்கலாம். உழவர் வாங்கும் பொட்டாஷ் உரமே இந்தப் பாடத்துக்குப் போதும். இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 31 சிதைவுகள் நடக்கின்றன. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் நொடிக்கு 7 லட்சத்துக்கும் மேல். வயலில் இறைக்கும் உரத்திலும், வாழைப்பழத்திலும், நம் உடம்பிலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. கதிரியக்கம் என்றாலே ஆலையும் குண்டும்தான் என்று எண்ணும் மாணவருக்கு இந்த ஒரு செய்தியே பெரிய திருத்தம்.

சிறிய கைகர் எண்ணி ஒன்று வேண்டும். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். அதன் குழாய்க்குச் சில நூறு வோல்ட் தேவைப்படுவதால், மூடிய பெட்டியில் வரும் எண்ணியையே வாங்க வேண்டும். முதலில் எதையும் வைக்காமல் எண்ணச் செய்யுங்கள். எண்ணி ‘டிக், டிக்’ என்று ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அதுதான் பின்புலக் கதிர்வீச்சு. மண்ணிலும் காற்றிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வருவது. உலகச் சராசரியில் ஒருவர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். பிறகு குழாயருகே ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டிய பொட்டாஷை வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சோதனை தோற்றுவிடும். எடுத்துக்காட்டாக, பின்புலம் நிமிடத்துக்கு 20, உரத்தோடு 25 என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு நிமிடம் மட்டும் எண்ணினால் 20இல் நாலரை வரை, 25இல் ஐந்து வரை ஆட்டம் இருக்கும். வேறுபாடு உண்மையா தற்செயலா என்று சொல்ல முடியாது. முப்பது நிமிடம் எண்ணினால் 600, 750 என்று வரும். வேறுபாடு 150, அந்த வேறுபாட்டின் ஆட்டம் 37 அளவில்தான். இப்போது ஐயமில்லை. நீண்ட நேரம் எண்ணினால் ஏன் நம்பகம் கூடுகிறது என்பதை நாற்பது பேர், நானூறு பேர் கோடுகளில் அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். பகடை வகுப்பை முன்னால் வைத்ததன் பயன் இங்கே கிடைக்கிறது.

அதே உறையை வைத்து மூன்றாவது குழப்பத்தையும் தீர்க்கலாம். பொட்டாஷை ஒரு மரப்பலகை மேல் ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். பிறகு அகற்றிவிட்டுப் பலகையை எண்ணுங்கள். பின்புலம் மட்டுமே இருக்கும். கதிர்வீச்சு பட்டதால் பலகை கதிரியக்கம் பெறவில்லை. நியூட்ரான் கற்றை போன்றவை பொருளைக் கதிரியக்கம் உடையதாக்கக்கூடும் என்ற விதிவிலக்கை மேல்வகுப்பில் சொல்லலாம். கதிர் படுவதும் கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்வதும் வேறு வேறு. ஒட்டிக்கொண்டால் கூடவே வரும், உள்ளேயும் போகும். 2010இல் டெல்லியின் மாயாபுரியில் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்த கோபால்ட்-60 மூலம் உடைக்கப்பட்டுப் பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். இந்த வேறுபாட்டைக் கற்பிப்பது மதிப்பெண்ணுக்கு மட்டுமான காரியம் ஆகாது என்பதற்கு அந்த நிகழ்வு போதும்.

பொட்டாசியம்-40 சிதைந்து குறைவதை எவராலும் வகுப்பில் காண முடியாது. 125 கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இதையே கணக்காக மாற்றலாம்: ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் நொடிக்கு 16 சிதைவுகள் என்று கொடுத்து, அவகாட்ரோ எண்ணைக் கொண்டு அரை ஆயுட்காலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காத்திருக்காமலே காலத்தை அளக்கும் இந்த வழி மாணவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். கண்ணெதிரே குறைவதைக் காண வேண்டுமானால் காற்றில் உள்ள ரேடான் உதவும். ஊதிய பலூனைக் கம்பளியில் தேய்த்து, தரைத்தளத்தில் மூடிக்கிடந்த அறையில் முக்கால் மணி நேரம் தொங்கவிட்டால், ரேடானின் சேய் அணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றை இறக்கிப் பலூனை எண்ணியருகே வைத்தால் எண்ணிக்கை பின்புலத்துக்கு மேல் எழுந்து, முக்கால் மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகும். ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் அரை ஆயுட்காலங்கள் 27, 20 நிமிடங்கள். ஆனால் நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் பலூனின் மின்னூட்டம் விரைவில் கசிந்துவிடும். காற்று வறண்ட நாளில் செய்தால்தான் பலிக்கும். காற்றோட்டமான வகுப்பறையில் ரேடானும் குறைவு. வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதையே அன்றைய பாடமாக்கிக்கொள்ளலாம். மேகக் கூடம் இன்னும் கண்கவர் சோதனை. உலர் பனிக்கட்டியும் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கிடைக்கும் நகரப் பள்ளிகள் செய்யலாம். கிருமிநாசினிக் கரைசல் உதவாது. பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி, ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்; கையுறையும் திறந்த சன்னலும் கட்டாயம். அதில் தோன்றும் நேரான மெல்லிய தடங்களில் பல வானிலிருந்து வரும் மியூவான்களுடையவை. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் அவை நம்மைக் கடந்துபோகின்றன. உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இதே மியூவான்களைத்தான் ஆண்டுக்கணக்காக எண்ணிவருகிறது.

இதற்குப் பிறகு திரைக்கு வரலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் இலவசம். பலவற்றை இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் ஓட்டலாம். ஓட்டுவதற்கு முன் மாணவர்கள் என்ன நடக்கும் என்று எழுதிவிட வேண்டும், ஓட்டிய பின் தங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். திரையில் நூறு அணுக்கருக்கள் சிதையும்போது ஏற்ற இறக்கம் பகடையில் கண்ட அளவுக்கு இருக்கிறதா? திரை எதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, எதை விட்டுவிட்டது? ரூதர்ஃபோர்டு சிதறல் சிமுலேஷனில் இந்தக் கேள்வி மிக முக்கியம். அணுக்கருவை அருகில் பெரிதாக்கிக் காட்டும் திரையில் ஆல்ஃபா துகள்கள் அடுக்கடுக்காக வளைந்து திரும்புகின்றன. கைகரும் மார்ஸ்டனும் 1909இல் பிளாட்டினத்தில் கண்டது ஏறத்தாழ 8000 துகள்களுக்கு ஒன்று திரும்பியதைத்தான். தங்க அணுவின் ஆரத்தோடு ஒப்பிட்டால் அதன் அணுக்கருவின் ஆரம் 20,000இல் ஒரு பங்கு. அணுக்கருவை ஒரு சென்டிமீட்டர் கோலியாக வரைந்தால் அணுவின் விளிம்பு பள்ளி மைதானத்துக்கு வெளியே போய்விடும். இதை அளவெடுத்துக் காட்டாமல் அந்தத் திரையை மட்டும் ஓட்டினால், அணு நெருக்கமாக நிரம்பிய பொருள் என்ற தவறான எண்ணமே மாணவர் மனத்தில் பதியும்.

தொடர்வினையைச் சிமுலேஷனில்தான் காட்ட முடியும்; வேறு வழி நமக்கில்லை. யுரேனியம்-235 பிளவில் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வருவதையும், கட்டுப்பாட்டுத் தண்டு அவற்றை உறிஞ்சுவதையும் திரை அழகாக விளக்கும். ஆனால் பள்ளி அளவில் கிடைக்கும் பெரும்பாலான சிமுலேஷன்கள் ஒன்றை விட்டுவிடுகின்றன. பிளவில் வரும் நியூட்ரான்களில் ஏறத்தாழ 0.65 விழுக்காடு நொடிகள் தாமதித்தே வருகின்றன. எல்லாமே உடனுக்குடன் வந்தால், ஒரு தலைமுறைக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, பெருக்கம் 1.001 ஆக இருந்தாலே ஒரு நொடியில் வினை இருபதாயிரம் மடங்குக்கு மேல் பெருகும். தாமதமாக வரும் அந்தச் சிறு பங்கு சராசரித் தலைமுறை நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை நீட்டுகிறது. அதே பெருக்கத்தில் ஒரு நொடிக்கு ஒரு விழுக்காடு உயர்வுதான். தண்டை நகர்த்த அவகாசம் கிடைப்பது இதனால்தான். கல்பாக்கமும் கூடங்குளமும் உள்ள மாநிலத்தில் அணு உலை எப்படிக் கட்டுக்குள் நிற்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். உலையை ஆதரிப்பவர் பிள்ளைக்கும் எதிர்ப்பவர் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு ஒன்றுபோலத் தேவை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால், சிதைவு சிமுலேஷனை மாணவர்களே பத்துப் பதினைந்து வரிகளில் எழுதவும் செய்யலாம். 0க்கும் 1க்கும் இடையே ஒரு தற்செயல் எண். அது ஆறில் ஒன்றுக்குக் கீழே போனால் அந்த அணுக்கரு சிதைந்தது. தன் கையால் விதியை எழுதியவர் பிறர் எழுதிய திரையையும் கேள்வி கேட்பார்.

நேரம் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். பகடைக்கு ஒரு பாடவேளை, கொட்டைக்கு ஒன்று, பொட்டாஷ் எண்ணிக்கை மதிய இடைவேளையிலோ பள்ளி முடிந்த பின்போ, திரைக்கு ஒன்று. மொத்தம் மூன்று பாடவேளைதான் கூடுதல். அரை ஆயுட்காலத்தைக் கையால் கண்டறிந்தவருக்கு அதே கணக்குகளை மீண்டும் மீண்டும் போட்டுக்காட்ட வேண்டிய நேரம் குறைகிறது. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லையே என்பாருக்கு: தேர்வு கேட்கும் சிதைவு விதியும் வரைபடமும்தான் இங்கே செய்யப்படுவன. கைகர் எண்ணி வாங்கப் பணம் இல்லை என்பது உண்மையான தடை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒன்று என்று வாங்க வேண்டியதில்லை. ஓர் ஒன்றியத்துக்கு ஓர் எண்ணி இருந்து, வாரம் ஒரு பள்ளியாகச் சுற்றினாலே போதும். பெற்றோர் அஞ்சினால் அவர்களையும் அன்றைக்கு அழைத்து, வெறும் அறையில் எண்ணி ஒலிப்பதையும், அவர்கள் வயலில் இட்ட உரத்தில் அது சற்றே கூடுவதையும் கேட்கச் செய்யுங்கள்.

மாணவர்கள் எடுத்த எல்லா எண்ணிக்கைகளையும் தேதி, நேரம், இடம், எண்ணிய நிமிடங்கள் ஆகியவற்றோடு ஒரு தடித்த நோட்டில் எழுதி ஆய்வகத்தில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வகுப்பு தன் எண்ணிக்கையை அதோடு கூட்டிக்கொள்ளட்டும். ஐந்தாறு ஆண்டில் அந்த நோட்டு உங்கள் ஊரின் பின்புலக் கதிர்வீச்சுக்கு ஒரு நல்ல பதிவாக இருக்கும்.